டர்பன் கடற்காற்று ஈரத்தில் கெட்ட துப்பாக்கிக் குழலா, என் கை கெடுத்த குழலா: மாற்றுவதா, சரிசெய்வதா?

கடலோரத்தான் (டர்பன், தென்னாப்பிரிக்கா):
வணக்கம். என்னுடையது சிஇசட் 75 கைத்துப்பாக்கி, 9 மில்லி. 15 மீட்டரில் உள்ளங்கைக்குள் அடங்கிய தோட்டாக்கள் இப்போது சோற்றுத்தட்டு அளவுக்குச் சிதறுகின்றன. தப்பு என்னுடையதுதான். சிலைடை, அதாவது மேலே முன்னும் பின்னும் நகரும் பாகத்தை, பின்னால் பூட்டிவிட்டு, குழலைக் கழற்றாமலே தோட்டா வெளியேறும் வாய்ப்பக்கத்திலிருந்து வெண்கல பிரஷ் மாட்டிய எஃகு ராடை (துடைக்கும் கம்பி) விட்டுத் தேய்ப்பேன். தோட்டா உள்ளே விட்டுப்போகும் செம்பைக் கரைக்கும் மருந்து போட்டால் துணி நீலமாகவே வரும். அழுக்குப் போகவில்லை என்று நினைத்து மேலும் மேலும் தேய்த்தேன். இரண்டு வருஷம். புதுக் குழல் வாங்கலாமா?

ஒன்பதுமில்லி (சாட்ஸ்வொர்த்):
வாங்கு தம்பி. தேய்ந்த இரும்பு திரும்பி வளராது. குழலை மாற்று, வேலை முடிந்தது.

பட்டறைக்காரர் (பீட்டர்மாரிட்ஸ்பர்க்):
அவசரப்படாதே. முதலில் அந்த நீலம். வெண்கல பிரஷிலும் செம்பு இருக்கிறது. நீ ஊற்றிய மருந்து உன் பிரஷைத்தான் கரைத்துக்கொண்டிருந்தது. நைலான் பிரஷ் போட்டிருந்தால் என்றைக்கோ துணி வெள்ளையாக வந்திருக்கும்.
இரண்டாவது, சிலைடைக் கழற்றினால் குழல் கையோடு வரும் துப்பாக்கி அது. தோட்டா நுழையும் பக்கத்திலிருந்து துடைக்க அரை நிமிஷம் ஆகாது. வாய்ப்பக்கத்திலிருந்து விட்டதால் ராடு விளிம்பில் உரசியிருக்கும். தோட்டா கடைசியாகத் தொட்டுப் போகும் இடம் அது. அங்கே ஒரு பக்கம் மழுங்கினால் புகை ஒரு பக்கமாகப் பீறிட்டு, தோட்டாவின் பின்புறத்தைத் தள்ளிவிடும். குழல் நல்லாயிருக்கலாம், வாய்தான் கெட்டிருக்கும்.

ஒன்பதுமில்லி:
அண்ணே, ராடும் எஃகு, குழலும் எஃகு. குழல் எஃகு அதைவிட இளக்கமா என்ன? எத்தனையோ பேர் எஃகு ராடுதான் வைத்திருக்கிறார்கள்.

பட்டறைக்காரர்:
ராடு அறுப்பதில்லை, அதில் ஒட்டிய மணலும் கரியும் அறுக்கும். திருகிச் சேர்க்கும் ராடு என்றால் மூட்டின் ஓரமும் சேர்ந்து உரசும். கிணற்றடிக் கல்லில் கயிறு தடம் போடவில்லையா? கயிறு கல்லைவிடக் கெட்டியா?

ஒன்பதுமில்லி:
சரி, வாய் கெட்டது என்றே வைத்துக்கொள்வோம். லேத்தில் கொடுத்து வாய் விளிம்பைச் சீராக வெட்டிய பிறகும் சிதறினால்? இரண்டு செலவு. புதுக் குழல் ஒரே செலவு.

காகிதப்புலி (லெனேசியா):
ஒரே செலவா? நம் ஊரில் குழல் வெறும் உதிரிபாகம் இல்லை ஐயா. 2000-ஆம் ஆண்டின் 60-ஆம் எண் துப்பாக்கிச் சட்டத்தில் குழல் மட்டும் தனியாக இருந்தாலும் அதுவே ஒரு துப்பாக்கி. லைசென்ஸ் இல்லாமல் வாங்கவும் கூடாது, வைத்திருக்கவும் கூடாது. அமெரிக்காக்காரன் வீடியோவில் குழலைத் தபாலில் வரவழைப்பதைப் பார்த்துவிட்டு ஆர்டர் போட்டுவிடாதே. பழைய குழலுக்கும் அதே சட்டம்தான், அதை இரும்புக்கடையில் போட முடியாது.

ஒன்பதுமில்லி:
மாமா, ரொம்பப் பயமுறுத்தாதீர்கள். கடைக்காரர் மூலமாக முறைப்படி எழுதிக்கொடுத்து வாங்குகிறவர்கள் இல்லையா?

காகிதப்புலி:
இருக்கிறார்கள், காத்திருக்கிறார்கள். தேவையில்லாமல் ஏன் அந்த வரிசையில் நிற்க வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

பட்டறைக்காரர்:
வாங்கினாலும் எல்லாக் குழலும் அப்படியே உட்காராது. மேலே இருக்கும் முகடுகள் சிலைடின் பள்ளத்தில் சரியாகப் பூட்ட வேண்டும். தளர்ந்தால் புதுக் குழலும் சிதறும், இறுகினால் சிலைடு முழுசாக மூடாது. அதையும் துப்பாக்கி பழுதுபார்க்கும் கன்ஸ்மித் உட்கார்ந்து ராவிப் பொருத்த வேண்டும்.
தம்பி, இரண்டு காரியம் செய். காது குடையும் பஞ்சுக்குச்சியைக் குழல்வாயின் உள்விளிம்பில் மெதுவாகச் சுற்று. நூல் எங்கேயாவது மாட்டுகிறதா பார். அப்புறம் வேறொருவரை மணல்மூட்டையில் தாங்கிச் சுடச் சொல். கோபித்துக்கொள்ளாதே, சில சமயம் கெட்டது குழலாக இருக்காது.

கடலோரத்தான்:
சுற்றிப் பார்த்தேன் அண்ணே. துப்பாக்கியை நேராகப் பிடித்தால் கீழ்ப்பக்கம், ஒரே இடத்தில் பஞ்சு மாட்டுகிறது. விளக்கைக் காட்டினால் அங்கே மட்டும் பளபளவென்று ஒரு தேய்ந்த பட்டை. உள்ளே தோட்டாவைச் சுழலவைக்கும் வரிகள் கூர்மையாகத்தான் இருக்கின்றன, துரு இல்லை. என் மச்சான் மூட்டை வைத்துச் சுட்டதிலும் அதே சிதறல்.

பட்டறைக்காரர்:
அப்படியென்றால் வாய்தான். லைசென்ஸ் உள்ள கன்ஸ்மித்திடம் கொடு. எந்தப் பட்டறை லேத்திலும் போடாதே, என்னுடையதிலும்கூட. வெளிவட்டத்தை வைத்து வெட்டக் கூடாது, உள்துளையின் மையத்தைப் பிடித்து வெட்டச் சொல். அரை மில்லி போனால் ஒன்றும் குறையாது.

ஒன்பதுமில்லி:
வெட்டிய பிறகும் தட்டு தட்டாகவே இருந்தால் இங்கேயே வந்து எழுது தம்பி. அண்ணனுக்கு அன்றைக்கு நான் பதில் சொல்கிறேன். ஆமாம், அந்த ராடை என்ன செய்தாய்?

கடலோரத்தான்:
மிளகாய்ச் செடிக்கு முட்டுக் கொடுத்திருக்கிறேன்.