பாட்டியின் வீணையை விமானத்தில் கொண்டுபோவது எப்படி?

கேள்வி:
அடுத்த மாதம் சென்னையிலிருந்து டொரண்டோ போகிறேன். பாட்டி வாசித்த தஞ்சாவூர் ஏகாண்ட வீணையும் கூடவே வருகிறது. ஒரே பலாமரத்தில் குடைந்தது. எழுபது வயதாவது இருக்கும். நான்கடிக்கு மேல் நீளம். சரக்கறையில் போட மனம் வரவில்லை. யாராவது கொண்டுபோயிருக்கிறீர்களா?

பதில் 1:
நான் கொண்டுபோய் அடிபட்டவள். தந்திகளைத் தளர்த்துங்கள், முழுவதும் கழற்றாதீர்கள். அழுத்தம் போனால் தந்திகளைத் தாங்கும் குதிரை நகர்ந்துவிடும். சுரைக்குடுக்கையைத் தனியே எடுத்துவிடுங்கள். யாளி முகத்துக்குக் கீழே பழைய பருத்திப் புடவையைச் சுருட்டி வையுங்கள். பெட்டியைக் குலுக்கினால் உள்ளே எதுவும் அசையக்கூடாது. என் வீணையில் மரம் தப்பித்தது, விரல் வைத்து வாசிக்கும் மெட்டுகளைப் பிடித்திருக்கும் மெழுகுதான் போயிற்று. மே மாத வெயிலில் வெளியே கிடந்த பெட்டியைத் திறந்தேன். 24 மெட்டுகளில் ஐந்து சாய்ந்து, கறுத்த மெழுகில் புதைந்து கிடந்தன. அன்று அழுதேவிட்டேன். இரவு விமானமாகப் பாருங்கள்.

பதில் 2:
முடிந்தால் பக்கத்து இருக்கைக்கும் டிக்கெட் கேளுங்கள். பழைய வீணையில் தந்தமோ மான்கொம்போ பதித்திருந்தால், அனுமதிப் பத்திரம் இல்லாமல் சுங்கத்தில் பிடித்து வைத்துவிடுவார்கள்.

கேட்டவர்:
இப்போதுதான் விளக்கடியில் வைத்துப் பார்த்தேன். வீணையின் உருண்டையான குடத்தின் ஓரத்தில் வெள்ளைப் பட்டை ஓடுகிறது. மான்கொம்பு என்பார் பாட்டி. நாளைக்கே வீணை ஆசாரியிடம் காட்டுகிறேன்.