கடலுக்குப் போகும் நாள்களில் நீர் மாத்திரையை எப்படிச் சாப்பிடுவது?

தங்கச்சிமடத்து மகள்:

அனைவருக்கும் வணக்கம். என் அப்பாவுக்கு 63 வயதாகிறது. நாட்டுப்படகில் தொழிலுக்குப் போகிறவர். விடியற்காலை நான்கு மணிக்கு வள்ளம் ஏறினால் நண்பகல் கழிந்த பிறகுதான் கரை திரும்புவார். பல ஆண்டுகளாக இரத்த அழுத்தம் உண்டு. ஐந்து மாதங்களுக்கு முன் இரண்டு கால்களும் வீங்கி, படுத்தால் மூச்சு வாங்குகிறது என்று சொன்னதால் இராமநாதபுரத்துக்கு அழைத்துச் சென்றோம். எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுத்துப் பார்த்து, இதயத்தின் சுருங்கும் ஆற்றல் குறைந்திருக்கிறது என்றார்கள். எனலாபிரில் 5 மி.கி. காலையும் இரவும், பியூரோசெமைடு என்ற நீர் மாத்திரை 40 மி.கி. காலையில் ஒன்று, ஸ்பைரோனோலாக்டோன் 25 மி.கி. ஒன்று என்று எழுதிக் கொடுத்தார்கள். ஒரு மாதத்தில் வீக்கம் வடிந்து, மூச்சும் சீரானது.

கடலுக்குப் போகும் நாள்களில் அப்பா நீர் மாத்திரையைச் சாப்பிடுவதில்லை என்பது இப்போதுதான் எங்களுக்குத் தெரிய வந்தது. அரை மணிக்கு ஒருமுறை எழுந்து வள்ளத்தின் விளிம்பில் நிற்க வேண்டியிருக்கிறது, வலை இழுக்கும்போது அது முடியாது என்கிறார். அதை ஈடு செய்வதாக நினைத்து, கரையில் இருக்கும் நாளில் இரண்டு மாத்திரைகளைச் சேர்த்து விழுங்கிவிடுகிறார். சென்ற வாரம் அப்படி இரண்டு சாப்பிட்ட அன்று, கட்டிலிலிருந்து எழுந்தவர் கண் இருட்டிக் கீழே விழுந்து புருவத்தில் அடிபட்டுக்கொண்டார். இந்த மாத்திரையின் நேரத்தை மாற்றலாமா? நீர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இளநீர் குடிக்க வேண்டும் என்று பக்கத்து வீட்டார் சொல்லி, தினமும் ஒன்று வாங்கிக் கொடுக்கிறோம். அது சரிதானா? அனுபவம் உள்ளவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

இராமநாதபுரத்து மருந்தாளுநர், பணி ஓய்வு:

அம்மா, முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். விட்டுப்போன மாத்திரையை மறுநாள் சேர்த்துச் சாப்பிடுவது பெரும்பாலான மருந்துகளில் தவறு. நீர் மாத்திரையில் அது ஆபத்து. அன்றைக்கே நினைவு வந்தால் சாப்பிடலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டுவிட்டு, வழக்கமான ஒன்றை மட்டும் சாப்பிட வேண்டும். இரண்டை ஒன்றாக விழுங்கினால் உடலிலிருந்து உப்பும் நீரும் ஒரே மூச்சில் வெளியேறி, எழுந்து நிற்கும்போது இரத்த அழுத்தம் சட்டென்று இறங்கிவிடும். உங்கள் அப்பா விழுந்ததற்கு அதுவே காரணமாக இருக்கக்கூடும்.

இந்த மாத்திரை எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் நேரத்தைப் பற்றிய உங்கள் கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும். பியூரோசெமைடு சிறுநீரகத்தின் நுண்குழாய்களில் உப்பு மீண்டும் இரத்தத்துக்குள் உறிஞ்சப்படுவதைத் தடுக்கிறது. உப்பு சிறுநீரோடு போகிறது, உப்பைத் தொடர்ந்து நீரும் போகிறது. விழுங்கிய ஒரு மணி நேரத்துக்குள் வேலை தொடங்கி, ஏறத்தாழ ஆறு முதல் எட்டு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். காலையில் சாப்பிடச் சொல்வது இரவுத் தூக்கம் கெடக்கூடாது என்பதற்காகத்தான். காலைப் பொழுதுக்கென்று வேறு மகிமை கிடையாது. நண்பகலுக்குப் பிறகு கரை ஏறுகிறவர் வீட்டுக்கு வந்து ஒரு மணி அளவில் சாப்பிட்டால், படுக்கும் நேரத்துக்குள் அதன் வேகம் பெரும்பாலும் அடங்கியிருக்கும். இதை நீங்களாகச் செய்யாமல், எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் கேட்டுச் செய்யுங்கள். கேட்கும்போது அப்பா கடலுக்குப் போகிறவர் என்பதையும் சொல்லுங்கள். அது அந்த மருத்துவருக்குத் தெரியுமா என்பதே எனக்கு ஐயமாக இருக்கிறது.

நாற்பது ஆண்டுகள் மருந்துக் கடையில் நின்றவன் என்ற முறையில் இன்னொன்றும் சொல்ல வேண்டும். மருந்து ஓய்ந்த பிறகு வரும் மணி நேரங்களில் சிறுநீரகம், இழந்த உப்பை மீட்கும் முனைப்பில், கிடைக்கிற உப்பையெல்லாம் பிடித்து வைத்துக்கொள்ளும். அந்த வேளையில் கருவாட்டுக் குழம்பும் ஊறுகாயும் அப்பளமும் இலையில் விழுந்தால், பகலில் வெளியேறியது இரவில் திரும்பிவிடுகிறது. ஒரு நாளுக்கு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு தேக்கரண்டிக்குள், உப்பு இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. நம் கடற்கரையில் கருவாட்டின் ஒரு துண்டே அதில் பெரும்பங்கை எடுத்துக்கொள்ளும். ஊறவைத்துக் கழுவினால் உப்பு குறையுமே தவிர நீங்கிவிடாது. ஆகவே பச்சை மீன் கிடைக்கும் வீட்டில் கருவாடு தேவையில்லை என்பது என் உறுதியான கருத்து.

மாத்திரை அட்டைகளை எடுத்துப் பார்ப்பதும் அவசியம். அரசு மருத்துவமனையில் மருந்தின் பொதுப்பெயரோடு தருவார்கள். வெளிக்கடையில் அதே மருந்து வணிகப் பெயரோடு வரும். லாசிக்ஸ் என்பதும் பியூரோசெமைடு என்பதும் ஒன்றே. லாசிலாக்டோன் என்ற மாத்திரையில் பியூரோசெமைடும் ஸ்பைரோனோலாக்டோனும் சேர்ந்தே இருக்கின்றன. இரத்த அழுத்த மாத்திரைகள் பலவற்றில் பெயரின் இறுதியில் எச் என்ற எழுத்து இருந்தால், பெரும்பாலும் உள்ளே ஹைட்ரோகுளோரோதயாசைடு என்ற இன்னொரு நீர் மாத்திரையும் இருக்கிறது என்று பொருள். இரண்டு இடங்களில் மருத்துவம் பார்க்கிறவர்கள் ஒரே மருந்தை இரண்டு பெயர்களில் சாப்பிட்டதை நான் பலமுறை கண்டு, திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

கீழக்கரைவாசி:

சகோதரி, எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். என் உம்மாவுக்கு 71 வயது. இரத்த அழுத்தத்துக்காகக் குளோர்தாலிடோன் 12.5 மி.கி. தொடங்கினார்கள். இதுவும் நீர் மாத்திரைதான், ஆனால் பியூரோசெமைடைப் போல ஆறு மணி நேரத்தில் ஓய்வதில்லை. இரண்டு மூன்று நாள்கள் வரை உடலில் தங்கி வேலை செய்யும். கோடைக்காலம் என்பதால் நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னோம். இரத்த அழுத்தம் என்பதால் உப்பையும் அறவே நிறுத்தினோம். மூன்றாவது வாரத்தில் உம்மா சோர்ந்து கிடந்தார், பெயர்களை மாற்றிச் சொன்னார், ஒரு நாள் இரவு வீட்டையே அடையாளம் தெரியாமல் விழித்தார். வயதின் தளர்ச்சி என்று இரண்டு நாள்களை வீணாக்கிய பிறகுதான் மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். இரத்தத்தில் 135 முதல் 145 வரை இருக்க வேண்டிய சோடியம் 118 ஆக இறங்கியிருந்தது. இன்னும் ஒரு நாள் தாமதித்திருந்தால் வலிப்பு வந்திருக்கலாம் என்றார்கள்.

அப்போது நேர்ந்த குழப்பம் ஒன்றையும் குறிப்பிட வேண்டும். உம்மாவுக்கு உப்பு குறைந்துவிட்டது என்று மருத்துவர் சொன்னது சோடியத்தை. வெளிநாட்டில் இருக்கும் என் தம்பிக்கு யாரோ உப்பு ஏறிவிட்டது என்று தகவல் சொல்லிவிட்டார்கள். நம் பக்கத்தில், சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் இரத்தத்தில் கூடினாலும் உப்பு ஏறிவிட்டது என்றுதானே சொல்கிறோம்? அவன் சிறுநீரகம் கெட்டுவிட்டது என்று நினைத்துக் கலங்கிவிட்டான். ஆகவே ஆய்வகத்துத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, சோடியமா, பொட்டாசியமா, கிரியாட்டினினா என்று பெயரைச் சொல்லிக் கேளுங்கள். உப்பு என்று பொதுவாகச் சொல்வதை நம்பி உணவில் உப்பைக் கூட்டவோ குறைக்கவோ செய்யாதீர்கள்.

நானும் நீர் மாத்திரை சாப்பிடுகிறேன்; ஆனால் என்னுடையது சில மணி நேரத்தில் ஓய்ந்துவிடும் வேறு வகை. நோன்பு மாதத்துக்கு இரண்டு வாரங்களுக்கு முன்பே மருத்துவரிடம் போய், சகர் எனும் விடியலுக்கு முந்தைய உணவு வேளையில் சாப்பிடாமல் நோன்பு திறந்த பிறகு சாப்பிடுவதாக மாற்றிக்கொண்டேன். பகல் முழுவதும் தண்ணீர் இல்லாத உடலில் நீர் மாத்திரை வேலை செய்யக்கூடாது என்று அவர் சொன்ன காரணம், வெயிலில் வள்ளத்தில் நிற்கும் உங்கள் அப்பாவுக்கும் பொருந்தும் என்று நினைக்கிறேன்.

தங்கச்சிமடத்து மகள்:

பதில் எழுதிய இருவருக்கும் நன்றி. மருந்தாளுநர் ஐயா ஐயப்பட்டது உண்மையே. தொழிலுக்குப் போக வேண்டாம் என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயத்தில், வீட்டில் சும்மா இருப்பதாகத்தான் அப்பா மருத்துவரிடம் சொல்லியிருக்கிறார். இன்று அவருடைய பெட்டியைத் திறந்து பார்த்தபோது டைக்ளோபெனாக் அட்டை ஒன்றும் இருந்தது. வலை இழுத்த நாள்களில் முதுகு வலிக்கிறது என்று கடையில் வாங்கிச் சாப்பிடுகிறாராம். இது பற்றியும் யாராவது சொல்லுங்கள்.

மண்டபம் வட்டாரத்து மருத்துவர்:

நேரில் பார்க்காத ஒருவருக்கு மருந்தின் அளவை நான் சொல்ல மாட்டேன். ஆனால் டைக்ளோபெனாக்கை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். எனலாபிரில், நீர் மாத்திரை, வலி மாத்திரை ஆகிய மூன்றும் ஒரே உடலில் சேரும்போது சிறுநீரகத்துக்குள் போகும் இரத்தத்தின் அழுத்தம் மூன்று வழிகளில் குறைகிறது. அதனோடு வெயிலும் வியர்வையும் குறைந்த குடிநீரும் சேர்ந்தால், சில நாள்களிலேயே சிறுநீரகம் செயலிழக்கக்கூடும். மேலும் வலி மாத்திரை உடலில் உப்பைத் தேக்கி வைக்கும் தன்மை உடையது. நீர் மாத்திரை கேட்கவில்லை, வீக்கம் திரும்பிவிட்டது என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைப் பற்றித்தான். இபுபுரோபென், அசிக்ளோபெனாக் எல்லாம் இதே வகையைச் சேர்ந்தவை. வலிக்குப் பாராசிட்டமால் போதுமா என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.

இளநீரைப் பற்றிப் பக்கத்து வீட்டார் சொன்னது பாதி உண்மை. பியூரோசெமைடு, தயாசைடு வகைகள் பொட்டாசியத்தை வெளியேற்றுபவை; அவற்றை மட்டும் சாப்பிடுகிறவருக்குப் பொட்டாசியம் குறைந்து தசைப்பிடிப்பும் படபடப்பும் வரலாம். உங்கள் அப்பா சாப்பிடும் ஸ்பைரோனோலாக்டோனும் எனலாபிரிலுமோ பொட்டாசியத்தைத் தேக்கி வைப்பவை. அவற்றோடு தினமும் பொட்டாசியம் நிறைந்த இளநீரையும் குடித்து, சிறுநீரகமும் தளர்ந்திருந்தால், இரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத்துடிப்பே தடுமாறும் நிலை வரலாம். எந்த முன்னறிகுறியும் இல்லாமலே வரக்கூடும் என்பதுதான் இதில் அச்சத்துக்குரியது. சோடியம் குறைந்த உப்பு என்று கடைகளில் விற்பதிலும் பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கிறது, அதையும் வாங்காதீர்கள். பரிசோதனை முடிவு வரும்வரை இளநீரை நிறுத்திவையுங்கள்.

சோடியம், பொட்டாசியம், யூரியா, கிரியாட்டினின் ஆகியவற்றுக்கான இரத்தப் பரிசோதனையை இந்த வாரத்திலேயே செய்யுங்கள். இந்த மருந்துகளைத் தொடங்கிய அல்லது அளவை மாற்றிய ஓரிரு வாரங்களிலும், அதன் பிறகு சில மாதங்களுக்கு ஒருமுறையும் பார்க்க வேண்டியது இது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வருகிற தன்னார்வலர் இரத்த அழுத்தம் பார்த்துக் குறித்துத் தருகிறார், அது மிகவும் பயனுள்ளதே; ஆனால் பொட்டாசியம் அந்தக் கருவியில் தெரியாது. படுத்த நிலையில் ஒருமுறையும் எழுந்து நின்ற ஓரிரு நிமிடங்களில் ஒருமுறையும் அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள். மேல் எண் 20 அல்லது அதற்கு மேல் இறங்கினால் மருத்துவருக்குத் தெரிய வேண்டும். அடிபட்டது தலை என்பதால், தலைவலி, வாந்தி, மயக்கம் எது வந்தாலும் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

வீட்டில் எடை பார்க்கும் கருவி இருந்தால், தினமும் காலையில் சிறுநீர் கழித்த பிறகு, எதுவும் உண்ணும் முன், எடையைக் குறித்து வாருங்கள். மூன்று நாள்களில் இரண்டு கிலோ ஏறினால் அது நீர். கால் வீங்கிய பிறகு கண்டுபிடிப்பதைவிட இது முந்தித் தெரிந்துவிடும். வாந்தியோ வயிற்றுப்போக்கோ கடுங்காய்ச்சலோ வந்து சாப்பிட முடியாத நாள்களில் இந்த மாத்திரைகளைத் தொடரலாமா என்று தொலைபேசியிலாவது கேட்டுவிடுங்கள். தானாகத் தொடரவும் வேண்டாம், நிறுத்தியிருந்தால் குணமான பிறகு மீண்டும் தொடங்குவது பற்றிக் கேட்க மறந்துவிடவும் வேண்டாம். படுக்க முடியாமல் மூச்சு முட்டினாலோ, நினைவு குழம்பினாலோ, சிறுநீர் மிகவும் குறைந்தாலோ 108ஐ அழைக்க வேண்டும்.

பாம்பனிலிருந்து ஒருவர்:

என் அம்மாவுக்கும் கால் வீக்கம் இருந்தது. யாரோ சொன்னார்கள் என்று நீர் மாத்திரையை நாங்களே வாங்கிக் கொடுத்தோம். வீக்கம் வடியவில்லை, அம்மாவுக்குத் தலைசுற்றல்தான் மிஞ்சியது. பிறகு பார்த்தால், இரத்த அழுத்தத்துக்குச் சாப்பிட்ட அம்லோடிபின் 10 மி.கி. மாத்திரையால் வந்த வீக்கம் அது. அம்மருந்து நுண்ணிய இரத்தக் குழாய்களை விரிப்பதால் நீர் கசிந்து கணுக்காலில் தேங்குகிறதே தவிர, உடலில் நீர் மிகுந்து வருவதில்லை என்று மருத்துவர் விளக்கி, மருந்தை மாற்றிக் கொடுத்தார். உங்கள் அப்பாவுக்கு இதயத்தால் வந்த வீக்கம் என்பதால் அவருக்கு இது பொருந்தாது. இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகவே எழுதுகிறேன்.

தங்கச்சிமடத்து மகள்:

நேற்று அப்பாவோடு நானும் மருத்துவரிடம் போய், தொழிலைப் பற்றியும் வலி மாத்திரையைப் பற்றியும் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. பொட்டாசியம் இருக்க வேண்டியதைவிடக் கூடி 5.6 ஆக இருந்தது. ஸ்பைரோனோலாக்டோனை இப்போதைக்கு நிறுத்திவிட்டு, ஒரு வாரத்தில் மீண்டும் இரத்தம் பார்க்கச் சொன்னார். பியூரோசெமைடைக் கடலுக்குப் போகும் நாளிலும் போகாத நாளிலும் ஒரே மாதிரி மதியம் ஒரு மணிக்குச் சாப்பிட எழுதிக் கொடுத்திருக்கிறார். காயம் ஆறி, தலைசுற்றல் நிற்கும்வரை வள்ளம் ஏறக்கூடாது, அதன் பிறகும் தனியாகப் போகக்கூடாது என்று அப்பாவிடமே கேட்டு வாக்கு வாங்கிக்கொண்டார். எடை பார்க்கும் கருவி ஒன்று வாங்கிவிட்டோம். இன்று காலை 61.4 கிலோ. அப்பாவே நாட்காட்டியில் எழுதினார்.