பூநகரியில் ஆர்.ஓ. இயந்திரம் பழுது: ஆலோசனை தேவை

பூநகரிப் பகுதியிலுள்ள எமது கிராமத்தில் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம் நடத்திவரும், நீரை மென்சவ்வுகளினூடாக அமுக்கி உப்பைப் பிரிக்கும் ஆர்.ஓ. நீர் சுத்திகரிப்பு இயந்திரம் கடந்த ஆவணி மாதம் முதல் உவர் நீரையே தருகின்றது. 2019இல் பொருத்தப்பட்ட இதில் 4040 அளவிலான (4 அங்குல விட்டம், 40 அங்குல நீளம்) நான்கு மென்சவ்வுகள் உள்ளன. முன்பு லீற்றருக்கு 60 மில்லிகிராம் அளவில் நின்ற டிடிஎஸ் (நீரில் கரைந்துள்ள உப்புகள் முதலியவற்றின் மொத்த அளவு) இப்போது 600ஐத் தாண்டுகின்றது. இலங்கையின் எஸ்எல்எஸ் 614 தரத்தின்படி குடிநீரில் அது லீற்றருக்கு 500 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது. நீர் வரத்து பாதியாகிவிட்டது, அமுக்கமானி முன்னரை விட உயர்ந்து காட்டுகின்றது, வீடுகளில் கேத்தலின் அடியில் வெண்படிவு மீண்டும் படியத் தொடங்கியுள்ளது.

முன்வடிகட்டிகளையும் மூட்டுகளில் கசிவைத் தடுக்கும் ஓ வளையங்களையும் மாற்றினோம். சிற்றிக் அமிலத்தால் கழுவியபோது வரத்து சில நாட்கள் கூடியதே தவிர உவர்ப்புக் குறையவில்லை. பொருத்தித் தந்த நிறுவனத்தினர் தொலைபேசியை எடுப்பதில்லை.

சங்கத் தலைவியும் பொருளாளரும் கலன் கலனாக நீர் விற்ற காசிலேயே மின்கட்டணத்தையும் இயக்குபவரின் கொடுப்பனவையும் செலுத்தி, எந்த வெளியுதவியுமின்றி இதைக் காத்துவந்துள்ளார்கள்; நான்கு மென்சவ்வுகளையும் வாங்கினால் சங்கத்தின் சேமிப்பு முழுவதும் தீர்ந்துவிடும்.

பழுதான மென்சவ்வை மட்டும் இனங்கண்டு மாற்றினால் போதுமா, அல்லது நான்கையும் ஒருசேர மாற்றத்தான் வேண்டுமா?