லஞ்சம் இல்லாமலும் பணம் தீர்ப்பை வளைக்குமா?

சட்டமாணவன்: முதலாம் ஆண்டு படிக்கிறேன். லஞ்சத்தை விட்டுவிடுங்கள், நீதிபதியும் போலீசும் நேர்மையானவர்கள் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் குற்ற வழக்குகளில் பணம் புகுந்து விளையாடும் என்கிறார் எங்கள் பேராசிரியர். சம்பளம்தான் மாதாமாதம் வருகிறதே, எப்படி?

பழைய தணிக்கையாளர்: தம்பி, எனக்குச் சட்டம் தெரியாது. முப்பது வருடம் கணக்குத் தணிக்கை செய்தவன். எந்தக் கோப்பைத் திறந்தாலும் முதல் கேள்வி, இந்த முடிவால் யாருக்கு வரவு? அமெரிக்காவின் ஒஹையோவில் ஒரு சிற்றூர். மதுவிலக்குக் காலம், மேயரே நீதிபதி. மது வைத்திருந்த டூமி என்பவருக்கு 100 டாலர் அபராதம் போட்டார். வழக்குச் செலவு என்ற பெயரில் மேயருக்கு 12 டாலர். விடுதலை செய்திருந்தால் அவருக்கு ஒரு காசும் கிடையாது. 1927இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தண்டனையை ரத்து செய்தது. வெறும் 12 டாலர்!

சட்டமாணவன்: அது அவர் சொந்தப் பைக்குப் போனது. ஊர்க் கஜானாவுக்குப் போனால்?

பழைய தணிக்கையாளர்: அதே ஒஹையோவில் மன்ரோவில் என்ற ஊர், 1972. மேயர் பைக்கு ஒன்றும் போகவில்லை, ஆனால் ஊர் வருமானத்தில் பெரும்பங்கு அவர் நீதிமன்றத்திலிருந்து வந்தது. அதுவும் கூடாது என்றது அதே உச்ச நீதிமன்றம். பழக்கம் போகவில்லை. மிசௌரியின் ஃபெர்குசன் நகரம் பற்றி 2015இல் வந்த அமெரிக்க மத்திய அரசின் நீதித்துறை அறிக்கையைப் படியுங்கள். டிக்கெட், அதாவது அபராதச் சீட்டு, எழுதுவதைக் கூட்டாவிட்டால் அடுத்த வருடம் வசூலை உயர்த்துவது கஷ்டம் என்று நிதி அதிகாரி போலீஸ் தலைவருக்கே எழுதியிருக்கிறார். அதே ஊரில் ஒரு பெண் 2007இல் வண்டியைத் தவறாக நிறுத்தினார். 151 டாலரும் கட்டணங்களும். 2014 முடிவதற்குள் 550 டாலர் கட்டியும் பாக்கி 541. நடுவில் ஆறு நாள் சிறை வேறு. இப்படி ஒரு பேரேடு என் மேசைக்கு வந்திருந்தால், கடன்பட்டவரை விட்டுவிட்டுக் கடைக்காரரைத்தான் கூப்பிட்டு விசாரித்திருப்பேன்.

கருப்பங்கி: வக்கீல் பக்கத்தையும் சொல்கிறேன். வழக்குக்கு இவ்வளவு என்று மொத்தத் தொகைக்குச் சட்ட உதவி வழக்குகள் பார்த்திருக்கிறேன். கட்சிக்காரர் குற்றத்தை ஒப்புக்கொண்டு அரை மணியில் முடிந்தாலும், விசாரணை ஒரு மாதம் இழுத்தாலும் அதே கூலிதான். ஒப்புக்கொள்ளச் சொல் என்று என்னிடம் யாரும் சொன்னதில்லை. ஆனால் மூன்றாவது சாட்சியைத் தேடிப் போகலாமா என்று யோசிக்கும்போது பெட்ரோல் கணக்கும் கூடவே வந்து நிற்கும்.

வரிகட்டி: சரி, நீதிமன்றம் நடத்தப் பணம் வேண்டாமா? தப்பு செய்தவன் கட்டட்டுமே.

பழைய தணிக்கையாளர்: தாராளமாகக் கட்டட்டும். பிடித்த அலுவலகத்துக்கும் தண்டித்த அலுவலகத்துக்கும் அது போகாமல் பொதுக் கணக்கில் சேரட்டும், அவ்வளவுதான்.

சட்டமாணவன்: நன்றி ஐயா. கருப்பங்கி சார், அந்த மூன்றாவது சாட்சியைத் தேடிப் போனீர்களா?

கருப்பங்கி: சில வழக்குகளில் போனேன். எல்லாவற்றிலும் இல்லை.