பத்திரம் பதிந்த மூன்றாம் நாள் அக்கி: உங்களுக்கும் உண்டா?

வளவுக்காரன், தேவகோட்டை:
ஐயா கட்டிய வீடு. பதினோரு பங்காளிகள், நாலு மாதப் பேச்சு, சண்டை, எனக்குத் தூக்கம் போச்சு. பத்திரம் பதிந்த மூன்றாம் நாள் இடது விலாவில் நெருப்பை அள்ளிக் கொட்டியது மாதிரி எரிச்சல், வரிசையாகக் கொப்புளம். உடம்புச் சூடு என்று ஆத்தா அக்கி எழுதும் வேளாரிடம் இழுத்துப் போனார். கோழி இறகால் காவியைத் தொட்டு அவர் எழுத எழுத, விலா ஜில்லென்று சிலிர்த்தது. எழுதி முடித்து இறகைக் கழுவிக்கொண்டே கேட்டார், "வீட்டுல துக்கம் ஏதும் உண்டா தம்பி?" இல்லை என்றேன். வீடு விற்றதைச் சொல்லவில்லை. அவருக்கு எப்படித் தெரிந்தது?

மருந்துக்கடை, புதுவயல்:
சூடாவது ஒன்றாவது! சின்ன வயதில் சின்னம்மை போட்டதே, அந்த வைரஸ்தான். நரம்பு முடிச்சில் வருடக்கணக்காகப் பதுங்கிக் கிடக்கும். நோயை எதிர்க்கும் வெள்ளை அணுக்களான டி செல்கள் காவல் இருக்கும்வரை வாலை ஆட்டாது. தீராத கவலை என்றால் மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதி பிட்யூட்டரி சுரப்பியை உசுப்பும், அது சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரினல் சுரப்பியை உசுப்பும், கார்ட்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் ஏறும். காவல் தளரும். கவலை மட்டுமே காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது, 50 வயதைத் தாண்டினாலே வாய்ப்பு கூடும். எனக்கும் வந்தது, மகள் கல்யாணத்தன்று. காவி எழுதுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் கொப்புளம் கண்ட 72 மணி நேரத்துக்குள் டாக்டரைப் பார்த்து வைரஸ் மாத்திரையைத் தொடங்கிவிட வேண்டும். கண் பக்கம் வந்தால் அன்றைக்கே ஓடுங்கள். அப்புறம் மனதை லேசாக வையுங்கள், நடைப்பயிற்சி போங்கள்.

முற்றம், காரைக்குடி:
மனதை லேசாக வை என்று சொல்பவர்கள் ஒரு ராத்திரி எங்கள் வீட்டுக்கு வந்து பார்க்கட்டும். என்னைப் பெற்ற அப்பச்சிக்கு மறதி நோய். அரிவாள்மனையில் விரல் நுனி கீறி ஒரு மாதம் ஆகியும் எனக்கு ஆறவில்லை. சர்க்கரை பார்த்தேன், இல்லை. பிறகுதான் படித்தேன், 1995இல் அமெரிக்காவில் மறதி நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்களின் கையில் 3.5 மில்லிமீட்டர் புண் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். மற்றவர்களைவிட ஆற ஒன்பது நாள் கூடுதலாம். அன்று கட்டுப் பிரிக்கையில் அப்பச்சி என் விரலைப் பிடித்து ஊதினார். "யாரு பெத்த பிள்ளையோ" என்றார்.

வளவுக்காரன், தேவகோட்டை:
மருந்துக்கடை அண்ணே, எனக்கு வயது 41. மாத்திரையும் அன்றே போட்டாச்சு. வேளாருக்கு எப்படித் தெரிந்தது என்றுதானே கேட்டேன்?