பாதி அரக்கன் நாயகன்: மர்மத்தைக் காப்பாற்ற யோசனை வேண்டும்

நண்பர்களே, அமானுஷ்யக் காதல் மர்மக் கதை ஒன்று எழுதுகிறேன், நாயகன் பாதி அரக்கன், நாயகி கொலை வழக்கை விசாரிக்கும் இன்ஸ்பெக்டர். சிக்கல் என்னவென்றால், பிணத்தின் சட்டைக் காலரை முகர்ந்தாலே கொலையாளி யாரென்று அவனுக்குத் தெரிந்துவிடுகிறது, அப்புறம் மர்மம் எங்கே மிச்சம்? சக்தியைக் குறைத்தாலோ வெறும் முரட்டு ஆளாகிவிடுகிறான்.

12ஆம் நூற்றாண்டில் மான்மத் ஜெஃப்ரி லத்தீனில் எழுதிய மெர்லின் என்ற மந்திரவாதியின் கதையில், அவனுக்கு அப்பாவான பேய் சில சமயம் கண்ணுக்குத் தெரியாமலேயே அம்மாவோடு பேசும். பயமும் நெருக்கமும் ஒன்றாக வரும் அந்த இடம் எனக்கு அவ்வளவு பிடிக்கும். நம் கடோத்கசனுக்கு இரவில்தான் பலம் கூடும். அதுபோல நேரத்துக்குக் கட்டுப்பட்ட சக்தியாக வைக்கலாமா?

காதல் சூடு குறையாமல் சந்தேகத்தைக் கடைசிவரை இழுத்த நாவல்கள், தமிழோ ஆங்கிலமோ, தெரிந்தால் சொல்லுங்கள். முடிவை மட்டும் சொல்லிவிடாதீர்கள், ப்ளீஸ்.