படம் ஓடுது, கல்யாண வீடியோ திக்குது: மினி பிசியில் ரேம் அனுபவங்கள்

மொட்டைமாடி:
டிவிக்குப் பின்னால் ஒரு மினி பிசி மாட்டியிருக்கிறேன். இன்டெல் ஏழாம் தலைமுறை ஐ3-7100யூ, டிடிஆர்4-2133 ரேம், 8 ஜிபி ஒரே ஸ்டிக். சினிமா எதைப் போட்டாலும் வழுக்கிக்கொண்டு ஓடும், 4கே உட்பட. தம்பி கல்யாண வீடியோ வந்தபோதுதான் வினை. 4கே, 10 பிட் ஹெச்இவிசி (வீடியோவைச் சுருக்கும் ஒரு முறை), நொடிக்கு 60 ஃப்ரேம். தாலி கட்டுகிற இடத்தில் படம் திக்கித் திக்கி வந்தது. மேளம் மட்டும் பிசகாமல் கேட்டது!

எம்பிவி என்ற வீடியோ பிளேயரில் 'ஐ' விசையை அழுத்தினால் விவரமெல்லாம் திரையில் வரும். டிகோடிங் (சுருக்கிய வீடியோவைப் படமாக விரிப்பது) அதற்கென்று உள்ள ஹார்டுவேரில்தான் நடக்கிறது, சிபியு ஏறக்குறைய சும்மா இருக்கிறது. ஆனாலும் விடுபட்ட ஃப்ரேம் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. 16 ஜிபி ஒரே ஸ்டிக்காக மாற்றச் சொன்னார்கள். ரேமில் பாதிக்கு மேல் காலியாகக் கிடக்கும்போது இன்னும் பெரிதாக வாங்கி என்ன செய்ய?

கணக்குப் போட்டுப் பார்த்தேன். இந்த மாதிரிப் பெட்டிகளில் கிராபிக்ஸுக்குத் தனி மெமரி கிடையாது, எல்லாம் ரேமில்தான். 10 பிட் 4கே ஃப்ரேம் ஒன்று டிகோட் ஆனபின் சுமார் 25 எம்பி. நொடிக்கு 60 என்றால் 1.5 ஜிபி. டிகோடர் அதை எழுதும், கிராபிக்ஸ் படிக்கும், ஆர்ஜிபி ஆக்கி 33 எம்பி ஃப்ரேமாகத் திரும்ப எழுதும், டிவிக்கு அனுப்ப மறுபடி ஒரு படிப்பு. இதிலேயே நொடிக்கு 7 ஜிபி. முந்தைய ஃப்ரேம்களைப் பார்த்துத்தான் அடுத்ததை டிகோட் செய்ய முடியும், அந்தப் படிப்பு தனி. ஒற்றை ஸ்டிக்கின் உச்ச வேகமோ காகிதத்திலேயே நொடிக்கு 17 ஜிபிதான், அதையும் சிபியுவோடு பங்கு போட வேண்டும். பந்தி நடக்கிற கூடத்துக்கு ஒரே கதவு மாதிரி. சினிமா பெரும்பாலும் 24 ஃப்ரேம் என்பதால் தப்பித்துக்கொண்டிருந்தது.

அதே வேகத்தில் இன்னொரு 8 ஜிபி வாங்கிக் காலி ஸ்லாட்டில் போட்டேன். டூயல் சேனல், அதாவது ரேமுக்கு இரண்டு பாதை, ஆனதும் உச்சம் நொடிக்கு 34 ஜிபி. வீடியோ சீராக ஓடுகிறது. படத்தின் தரத்தைக் கூட்டும் ஷேடர் என்ற சிறு நிரல்களை ஏற்றினால் இன்னமும் திக்குகிறது, ஆனால் அது கிராபிக்ஸின் சக்தி அவ்வளவுதான் என்பதால். ரேம் என்ன செய்யும், பாவம்.

பழையபலகை:
அண்ணா, எம்பிவியில் ஹார்டுவேர் டிகோடிங் 'காப்பி' என்று முடிகிற வகையில் இருக்கிறதா என்றும் பாருங்கள். அந்த வகையில் டிகோட் ஆன ஃப்ரேமை சிபியு பக்கம் நகலெடுத்துத் திரும்ப கிராபிக்ஸுக்கு அனுப்பும். ஒற்றை ஸ்டிக் பெட்டியில் அது கொலை.

என் கதை ராஸ்பெர்ரி பை என்ற கையடக்க போர்டு கணினியில். மாமா வீட்டில் 512 எம்பி பழைய போர்டு ஒன்று ஃபைல் சர்வராகக் கிடந்தது. டிவியில் மாட்டினால் டெஸ்க்டாப் வருகிறது, ஹெச்.264 படம் மட்டும் ஓடமாட்டேன் என்கிறது. கான்ஃபிக் ஃபைலைத் திறந்து பார்த்தால் கிராபிக்ஸ் மெமரி 16 எம்பி. அந்த அளவு வைத்தால் வீடியோவை விரிக்கும் கோடெக் எல்லாம் கழற்றிவிட்ட குறைந்த ஃபர்ம்வேரை (போர்டின் அடிப்படை மென்பொருளை)த்தான் போர்டு ஏற்றும். சர்வருக்கு அது சரி. 128 ஆக்கி ரீஸ்டார்ட் செய்ததும் 1080பி அழகாக ஓடியது.

சாயங்காலம்:
எனக்கு நேர் எதிர். 4 ஜிபி ரேம், இஎம்எம்சி (மெதுவான, மலிவான ஃபிளாஷ்) சேமிப்பு உள்ள சின்னப் பெட்டி. பிள்ளைகள் பிரவுசரில் பத்துப் பதினைந்து டேப் திறந்து வைத்துவிட்டு யூடியூப் போடுவார்கள். கொஞ்ச நேரம் ஓடும், உறையும், பிறகு ஓடும். ரேம் நிரம்பி, இடம் போதாத தரவு இஎம்எம்சிக்குப் போய்வருவதுதான் (ஸ்வாப்) காரணம். இங்கே உண்மையிலேயே அளவுதான் பிரச்சினை, சேனல் இல்லை. யாரோ சொன்னார்கள் என்று பயாஸில் (கணினி தொடங்கும்போது வரும் அமைப்புப் பக்கத்தில்) கிராபிக்ஸுக்கு 512 எம்பி ஒதுக்கினார் வீட்டுக்காரர். இன்னும் மோசம்! இன்டெல் கிராபிக்ஸ் வேண்டிய ரேமைத் தானே எடுத்துக்கொள்ளும். முன்கூட்டியே ஒதுக்கினால் மிச்சம் உள்ளதும் குறையும்.

ஒத்தரூபா:
புதிதாக இன்டெல் என்100 சிப் உள்ள மினி பிசி வாங்கப்போகிறேன். அதிலும் இரண்டு ஸ்டிக் போடலாமா சார்?

மொட்டைமாடி:
முடியாது நண்பரே. அந்தச் சிப்பே ஒற்றைச் சேனல்தான். டிடிஆர்4-3200 போட்ட மாடலில் உச்சம் நொடிக்கு 25.6 ஜிபி, டிடிஆர்5-4800 என்றால் 38.4. விலையில் பெரிய வித்தியாசம் இல்லை என்றால் டிடிஆர்5 மாடலை எடுங்கள். யூடியூபுக்கு மட்டும் என்றால் எதுவானாலும் போதும், யூடியூப் பயன்படுத்தும் ஏவி1 வீடியோ வகைக்கான டிகோடிங் ஹார்டுவேரிலேயே இருக்கிறது.

சாயங்காலம்:
லேப்டாப்பைப் பெட்டியாக வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. பதினோராம் தலைமுறை ஐ5-இல் ஒற்றை ஸ்டிக் இருந்தால் விண்டோஸ் கிராபிக்ஸைச் சாதாரண யூஹெச்டி என்றே காட்டும். இரண்டாவது ஸ்டிக் போட்டு டூயல் சேனல் ஆனால் ஐரிஸ் எக்ஸ்இ என்று பெயரே மாறும். தம்பி மடிக்கணினியில் கண்ணால் பார்த்தேன்.

ஒத்தரூபா:
என் பழைய பெட்டியில் 4 ஜிபி இருக்கு, கையில் ஒரு 8 ஜிபி ஸ்டிக் சும்மா கிடக்கு. சேருமா?

பழையபலகை:
இன்டெல் என்றால் பெரும்பாலும் சேரும். இரண்டிலும் 4, 4 டூயல் சேனலாக ஓடும், மிச்ச 4 ஒற்றையாக ஓடும். டிடிஆர் வகை ஒன்றாக இருக்க வேண்டும், வேகம் குறைந்த ஸ்டிக்கின் வேகத்துக்கு மற்றதும் இறங்கிவிடும். போட்டபின் சிபியு-இசட் என்ற கணினி விவரம் காட்டும் மென்பொருளில் மெமரி பக்கத்தைத் திறந்து சேனல் இரண்டு என்று காட்டுகிறதா பாருங்கள்.